மூன்று நாள் மருத்துவ முகாமில் மலைக்கிராமத்துப் பிள்ளைகளோடு பழகுவது எப்படி?

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். உங்கள் சபையிலிருந்து பதினைந்து பேர் மருத்துவ ஊழியத்துக்காக ஜவ்வாது மலையில் ஒரு கிராமத்துக்கு மூன்று நாள் போகிறீர்கள். டாக்டர், நர்ஸ், பல் டாக்டர் எல்லாரும் குழுவில் இருக்கிறார்கள். நீங்கள் கணினித் துறை. "உனக்கு மருத்துவம் தெரியாது, நீ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளை எப்படி நெருங்குவது, என்ன வாங்கிக்கொண்டு போவது, இயேசுவைப் பற்றிக் கதை சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "மூன்று நாள் பாசமாக இருந்துவிட்டு வந்துவிடுவது சரியா என்றும் உறுத்துகிறது" என்று எழுதி நிறுத்திவிட்டீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மற்ற மூன்றுக்கும் பதில் அதிலிருந்துதான் வரும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. மிஷன் மருத்துவமனை ஒன்றில் நர்சிங் படித்து, அங்கேயே சமூக சுகாதாரப் பிரிவில் 24 வருடம் வேலை பார்த்தவள். அந்த மலைக்கும் அடிவாரத்து ஊர்களுக்கும் மாதம் இரண்டு மூன்று தடவையாவது வண்டியில் போய் வந்திருக்கிறேன். சபைகளிலிருந்து வந்த குழுக்களோடும் நிறைய முகாம்களில் நின்றிருக்கிறேன். குழந்தை மருத்துவரும் அல்ல, மனநல நிபுணரும் அல்ல. அதனால் மருத்துவம் உறுதியாகச் சொல்வது எது, நான் கண்டதை வைத்து மட்டும் சொல்வது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில், உங்களுக்குக் கொடுத்திருப்பது மிச்சமிருந்த வேலை அல்ல. முகாமில் டாக்டரின் மேசைக்கு முன்னால் ஒரு பிள்ளை இருக்கிற நேரம் மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் அது அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருக்கும். வெளியே மரத்தடியில் இரண்டு மணி நேரம் அதோடு விளையாடுகிறவருக்குத்தான் அது எப்படி ஓடுகிறது, எங்கே மூச்சு வாங்க நிற்கிறது, கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதெல்லாம் தெரியும். ஒரு முகாமுக்கு எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஊரில் எல்லாரும் அவனை மந்தம் என்றார்கள். டாக்டர் நெஞ்சைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சத்து மருந்து எழுதினார். பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி என்னிடம் ஓடி வந்து, "சிஸ்டர், பின்னாலேருந்து கூப்பிட்டா அவன் திரும்பவே மாட்டேங்கிறான். முன்னால நின்னு பேசினா எல்லாம் புரியுது" என்றாள். காதைப் பார்த்தால் இரண்டிலும் சீழ், அதுவும் பல வருடத்துச் சீழ். அவனுக்கு மந்தம் எதுவும் இல்லை, காது கேட்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவம் படித்த நாங்கள் நான்கு பேர் அங்கே நின்றிருந்தோம். கண்டுபிடித்தது வணிகவியல் படிக்கிற பெண்.

அதனால் விளையாடும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மற்றவர்கள் ஓட, ஒரு பிள்ளை மட்டும் பாதியில் குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்திருந்தால், இதயத்தைப் பார்க்க வேண்டும். படத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பார்க்க வேண்டும். கண்ணின் கருவிழிக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். தோலில் வெளிறிய தேமல் இருந்து, தொட்டால் அந்த இடத்தில் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். முழுசாகக் குணமாகிற நோய்தான், ஆனால் சீக்கிரம் பிடிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு மேல்கையின் நடுவில் சுற்றளவு அளக்கிற நாடா உங்கள் குழுவில் இருக்கும். 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடுமையான ஊட்டக்குறைவு, 12.5க்குக் கீழே இருந்தாலும் கவலைப்பட வேண்டும். இதையெல்லாம் சொல்வது நீங்கள் நோய்க்குப் பெயர் வைப்பதற்காக இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி, பிள்ளையின் காதில் விழாமல், டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், போதும். எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, எல்லாரும் விளையாடும்போது ஆசை கூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து. காரணம் சோகையாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், வீட்டில் நடக்கிற ஏதாவதாக இருக்கலாம். எதுவோ இருக்கிறது.

போகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அங்கே பெரும்பாலும் இருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு சேர்த்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ், அவர்களுக்கே உரிய ராகத்தோடு. அந்த ராகத்தைக் கேட்டு உங்கள் குழுவில் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அது உடனே உறைக்கும். வார நாளில் போனால் பெரிய பிள்ளைகள் பலர் ஊரில் இருக்க மாட்டார்கள், அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிப்பார்கள். ஊரில் இருப்பது அங்கன்வாடிக் குழந்தைகளும், படிப்பை நிறுத்தியவர்களும், தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிகிற சிறுமிகளும்தான். சாமை அறுப்போ புளி உலுக்குவதோ நடக்கிற சமயம் என்றால் அவர்களும் பெற்றோரோடு போயிருப்பார்கள். அப்புறம் ஒன்று, "அப்பா என்ன வேலை செய்றார்?" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி அது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்களே, அதில் இந்த மலைக்காரர்களும் உண்டு. பிழைப்புக்காக வெளியே போய்த் திரும்பாத அப்பாக்கள், சிறையில் இருக்கிற அப்பாக்கள் அந்த மலையில் இருக்கிறார்கள். தெரியாமல் நானே ஒரு தடவை கேட்டேன். அந்தப் பெண் பிள்ளை பதில் சொல்லவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனவள் அன்று திரும்பி வரவேயில்லை.

சரி, எப்படித்தான் ஆரம்பிப்பது? உட்காருங்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வண்டியிலிருந்து இறங்கியதும் கை தட்டிக் கூப்பிட்டு, வட்டமாக நிற்க வைத்து, பாட்டு ஆரம்பிப்பது நகரத்து விடுமுறை வேதாகமப் பள்ளியில் நன்றாக நடக்கும். அங்கே பிள்ளைகளுக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். இங்கே நீங்கள்தான் அந்நியர். மரத்தடியில் தரையில் உட்கார்ந்து, ஐந்து கூழாங்கல் பொறுக்கி, தெரிந்த அளவுக்கு ஐந்தாங்கல் ஆடிக்கொண்டிருங்கள். தப்பாக ஆடினால் இன்னும் நல்லது, பத்து நிமிடத்தில் யாராவது வந்து "அப்படி இல்லக்கா" என்று கல்லைப் பிடுங்குவார்கள். அந்த நொடியிலிருந்து சொல்லித்தருகிறவர்கள் அவர்கள், கற்றுக்கொள்கிறவர் நீங்கள். முகாமில் மற்ற எல்லா இடத்திலும் அவர்கள் கை நீட்டி வாங்குகிறவர்களாகத்தான் நிற்கிறார்கள். மாத்திரை, சோப்பு, பிஸ்கட், புத்திமதி எல்லாமே வாங்குவதுதான். அவர்களிடம் நமக்குக் கொடுப்பதற்கு ஏதோ இருக்கிறது என்று ஆகிற ஒரே இடம் இந்த விளையாட்டு. காட்டில் எந்தப் பழம் தின்னலாம், எந்தக் குருவி என்ன சொல்லிக் கத்தும், நாகப்பழ மரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மறுநாள் காலையில் உங்களைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

முன்னால் வந்து கையைப் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் எந்த ஊரிலும் ஐந்தாறு பேர் உண்டு. முழு நேரமும் அவர்களிடமே போய்விடும். தூணுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளையைக் கண்ணால் தேடுங்கள். கூப்பிட வேண்டாம், கை நீட்ட வேண்டாம், அது நிற்கிற பக்கமாக நீங்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும். இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிற ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் ஓடிப்பிடிக்கிற ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அவளுக்காகவே உட்கார்ந்து ஆடுகிற ஆட்டமாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லாங்குழிக்குத் தரையில் குழி தோண்டினால் போதும், புளியங்கொட்டைக்கு அங்கே பஞ்சமே இல்லை. பெயரை முதல் நாளே நோட்டில் எழுதி இரவு படித்து வையுங்கள். இரண்டாம் நாள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வெளியூர்க்காரியை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது பயம். இதில் மருத்துவம் தெளிவாகவே பேசுகிறது. எட்டு ஒன்பது மாதத்திலிருந்து குழந்தைக்கு அந்நிய முகத்தைக் கண்டால் அழுகை வருவது வளர்ச்சியின் ஒரு பகுதி, அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வயதில் அம்மாவின் மடியில் வைத்தே பரிசோதிக்க வேண்டும். அழாமல் இருக்கும்போதே நெஞ்சைக் கேட்டுவிட்டு, தொண்டையையும் காதையும் கடைசியில் பார்ப்பதுதான் நல்ல டாக்டர்களின் வழக்கம். ஊசி போட வேண்டியிருந்தால் கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடுவதும், பெரிய பிள்ளைக்குப் பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புவதும் வலியைக் குறைக்கும். வரிசையில் காத்திருக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் கொடுத்து, முதலில் உங்கள் நெஞ்சை, அப்புறம் அம்மாவின் நெஞ்சை, கடைசியில் தன் நெஞ்சையே கேட்கச் சொல்லுங்கள். தன் இதயம் அடிக்கிற சத்தத்தை முதல்முறை கேட்கிற பிள்ளையின் முகத்தை 24 வருடம் பார்த்தும் எனக்குச் சலிக்கவில்லை.

இரண்டு சொற்களை மட்டும் பேசாதீர்கள். ஒன்று "வலிக்காது". புண்ணுக்குக் கட்டுப் போடும்போது ஒரு சிறுமியிடம் அப்படிச் சொன்னேன், வலித்தது. அடுத்த மாதம் என் வண்டியைக் கண்டதும் அவள் காட்டுப் பக்கம் ஓடினாள், புண் இன்னும் ஆறாமலே இருந்தது. "கொஞ்சம் வலிக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும், நீயே எண்ணு" என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று, மருந்தை "மிட்டாய்" என்று சொல்வது. குடற்புழு மாத்திரை கடித்துத் தின்கிற மாதிரி இனிப்பாக இருப்பதால் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். வீட்டில் தாத்தாவின் மாத்திரை அட்டையைப் பிள்ளை மிட்டாய் என்று எடுத்துத் தின்றால் என்ன ஆகும்? மருந்தை மருந்து என்றே சொல்லுங்கள். சிறு குழந்தைக்கு அந்த மாத்திரையை நசுக்கி, தண்ணீரில் கலந்துதான் கொடுக்க வேண்டும், முழுசாகப் போட்டால் தொண்டையில் சிக்கலாம். "அழுதா அந்த டாக்டரம்மா ஊசி போட்டுடுவாங்க" என்று அம்மாக்கள் மிரட்டுவார்கள். அதைக் கேட்டால் சிரித்துக்கொண்டே, "ஐயோ அப்படிச் சொல்லாதீங்கம்மா, அப்புறம் எங்ககிட்ட வரவே மாட்டான்" என்று சொல்லிவிடுங்கள்.

சொறி சிரங்கு, தலையில் பேன், வடிகிற மூக்கு எல்லாம் இருக்கும். தொடத் தயங்கினால் பிள்ளைகளுக்குத் தெரியும். சிரங்கு உள்ள கையைப் பிடித்தால் ஒட்டுமா என்றால், நீண்ட நேரம் தோலோடு தோல் படும்போதுதான் அது பெரும்பாலும் பரவும். சிறிது நேரம் கையைப் பிடித்து விளையாடிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினால் பயப்பட ஏதுமில்லை. கழுவுவதை மட்டும் அவர்கள் கண் முன்னால் அருவருப்போடு செய்யாதீர்கள். எல்லாருமாகச் சேர்ந்து சோப்புப் போட்டுக் கழுவுகிற விளையாட்டாகவே செய்துவிடலாம். சிரங்குக்கான களிம்பை வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே உடம்பு முழுக்கத் தடவி, ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை தடவினால்தான் போகும். பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டு வந்தால் மறுவாரமே திரும்ப வந்துவிடும். இதை அம்மாவிடம் உட்கார்ந்து விளக்க டாக்டருக்கு நேரம் இருக்காது, உங்களுக்கு இருக்கும்.

என்ன வாங்கிக்கொண்டு போவது என்ற கேள்விக்கு என் அனுபவம்தான் பதில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பை நிறைய சாக்லேட் வாங்கிப் போனேன். வரிசையில் நிற்க வைத்தேன். பாதியில் தீர்ந்துபோனது. பெரிய பையன்கள் இரண்டாம் தடவை வந்து வாங்கிவிட்டார்கள், பின்னால் நின்ற சின்னதுகள் அழுதன, தள்ளுமுள்ளில் ஒரு குழந்தை கல்லில் விழுந்து நெற்றி கிழிந்தது. நான்தான் தையல் போட்டேன். அடுத்த தடவை போனபோது அத்தனை பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்கள். அதே வண்டியில் பல் டாக்டர் உட்கார்ந்து சொத்தைப் பல் பிடுங்கிக்கொண்டிருந்ததையும் நினைத்துக்கொள்ளுங்கள். கையில் கொடுத்துத் தீர்ந்துபோகிற பொருள் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து பயன்படுத்துகிற பொருள் கொண்டு போங்கள். ஒரு நல்ல பந்து, ஸ்கிப்பிங் கயிறு, கலர் பென்சில், காகிதம், படம் நிறைந்த தமிழ்க் கதைப் புத்தகம் இருபது. கிளம்பும்போது அவற்றை அங்கன்வாடி டீச்சரிடமோ பள்ளியிலோ கொடுத்துவிடுங்கள், உங்கள் பெயரில் கொடுக்க வேண்டாம். பேஸ்ட், பிரஷ் கொடுப்பதாக இருந்தால் வீட்டுக்கு இத்தனை என்று அம்மாவிடம் கொடுங்கள்.

போட்டோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்காமல் எடுக்காதீர்கள். கேட்டு எடுத்தாலும், மூக்கு ஒழுகிக்கொண்டு கிழிசல் சட்டையோடு நிற்கிற படத்தைச் சபை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உங்கள் பிள்ளையை அந்தக் கோலத்தில் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் பார்ப்பதற்குச் சம்மதிப்பீர்களா என்று யோசித்தாலே போதும். பாதுகாப்புக்கு ஒரே விதி: எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாக, மறைவாக இருக்கக் கூடாது. உங்கள் குழுவில் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இது பொருந்தும். ஒரு பிள்ளை உங்களை நம்பி, யாரோ தப்பாகத் தொட்டதாகவோ அடித்ததாகவோ சொன்னால், குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் வருடத்து போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும். குழுத் தலைவரிடம் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கான உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள். படிக்கிற வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள் என்று காதில் விழுந்தாலும் அதே எண்தான்.

இயேசுவைப் பற்றிச் சொல்லலாமா? நானும் விசுவாசிதான், இந்த வேலைக்கு என்னை அனுப்பியதும் அந்த விசுவாசம்தான். ஆனாலும் என் பதில், மருந்துக்காக வந்து காத்திருக்கிற பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லாதீர்கள் என்பது. அவர்கள் எழுந்து போக முடியாது. அம்மா உள்ளே டாக்டரிடம் இருக்கிறாள், மாத்திரை உங்கள் கையில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் வசதி இல்லாதவரிடம் சொல்வது நற்செய்தி ஆகாது. சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தன் மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி எந்தச் சிறு பிள்ளையையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வைக்கக் கூடாது என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. முகாம்கள் பெரும்பாலும் பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்கின்றன. உங்களுக்காகச் ஜெபம் பண்ணலாமா என்று பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் பண்ணுங்கள். "நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்பார்கள். இதில் என் சபையிலேயே என்னோடு ஒத்துப்போகாதவர்கள் உண்டு, அவர்களும் உண்மையுள்ளவர்கள்தான். எனக்கு இதற்கு மாறாக இன்றுவரை மனம் வரவில்லை.

இனி, உறுத்துகிறது என்றீர்களே, அதற்கு வருகிறேன். விடுதிகளிலும் அநாதை இல்லங்களிலும் தொண்டர்கள் மாறி மாறி வந்து பாசம் காட்டிவிட்டுப் போவது அங்குள்ள பிள்ளைகளுக்கு நல்லதல்ல என்று அந்தத் துறையில் உள்ளவர்கள் அழுத்தமாகவே சொல்கிறார்கள். அம்மா, பாட்டி, அத்தை என்று சொந்தங்களோடு ஊரில் வாழ்கிற பிள்ளைக்கு மூன்று நாள் வந்துபோகிற ஓர் அக்காவால் அப்படிக் கெடுதல் வருமா என்பது சந்தேகம்தான். நான் பார்த்தவரை, வந்துபோவதால் அவர்கள் உடைந்துபோவதில்லை. கொடுத்த வாக்கை மறப்பதுதான் வலிக்கிறது. மார்கழிக்கு ஸ்வெட்டர் அனுப்புகிறேன் என்று ஒரு பெண் பிள்ளையிடம் எங்கள் குழுவில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவள் எங்கள் வண்டி வரும்போதெல்லாம் வந்து நின்றாள். எதுவும் கேட்க மாட்டாள், வண்டியிலிருந்து இறக்குகிற பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாம் மாதம் நானே வாங்கிக் கொடுத்தேன், அவர் அனுப்பினார் என்று பொய் சொல்லிக் கொடுத்தேன். ஆகவே முதல் நாளே, "அக்கா வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். மறுபடி வருவேன் என்று, தேதி கையில் இல்லாமல் சொல்லாதீர்கள்.

சந்தேகமானது இன்னும் சில உண்டு. சோப்புப் போட்டுக் கை கழுவினால் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் மூன்று நாள் பொம்மலாட்டம் காட்டி அந்தப் பழக்கத்தை உண்டாக்க முடியுமா என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. குழாயில் தண்ணீர் வர வேண்டும், வீட்டில் சோப்பு இருக்க வேண்டும். அதேபோல் குடற்புழு மாத்திரை புழுவைக் கொல்லும் என்பது உறுதி. எல்லாப் பிள்ளைகளுக்கும் கூட்டமாகக் கொடுத்தால் எடையும் படிப்பும் கூடுமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அரசே அதைக் கொடுக்கிறது. வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் அப்படித்தான், ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு வைத்துக் கொடுக்கிறார்கள். முகாம்காரர்கள் தாய் சேய் நல அட்டையைப் பார்க்காமல் இன்னொரு தடவை கொடுப்பது தப்பு. அட்டையை எடுத்து வரச்சொல்லி அம்மாக்களிடம் முன்கூட்டியே சொல்கிற வேலையையும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து மிஷன் மருத்துவத்தின் முன்னோர்களை நினைத்துப் பார்க்கிறேன். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர், குடியாத்தம் சாலையில் வழி நெடுக மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தார். அந்தப் பயணத்தின் பலம் மருந்துப் பெட்டியில் மட்டும் இல்லை, வாரம் தவறாமல் அதே மரத்தடிக்குத் திரும்பி வந்ததில் இருந்தது. கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்ற மிஷனரித் தம்பதி நரம்புச் சிலந்தி என்ற புழு நோயோடு போராடினார்கள். கணவர் ஜெஸ்ஸி 1929இல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பிப் போய், குதிரையில் ஊர் ஊராகச் சுற்றி, 95 வயதில் 1974இல் இறக்கும்வரை அந்த மக்களோடு இருந்தார். அந்த மலையில் சிறுவயதில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். நாம் அவர்களைப் போல மலையில் தங்கப்போவதில்லை. மூன்று நாளில் இறங்கிவிடுவோம். அப்படியானால், தங்கியிருக்கிறவர்களிடம் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு வருவதுதான் நம் வேலை.

தங்கியிருக்கிறவர்கள் யார்? கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி டீச்சர், பள்ளி ஆசிரியர். முகாமுக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் சொல்லி, அந்தச் செவிலியரை மூன்று நாளும் உங்களோடு இருக்கக் கேளுங்கள். விளையாட்டில் அவரையும் உட்கார வையுங்கள். பிள்ளைகள் உங்கள் கையைப் பிடித்திருக்கும்போது அவர் கையையும் பிடிக்கட்டும். அடுத்த மாதம் தடுப்பூசியோடு வரப்போவது அவர்தான், அவரைக் கண்டு பிள்ளைகள் ஓடாமல் இருந்தால் உங்கள் மூன்று நாளும் வீண் போகவில்லை. அரசின் பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வண்டியில் வருகிறது, அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை. காது, கண், இதயம் என்று கண்டுபிடிக்கிற பிள்ளைகளை மாவட்ட மருத்துவமனைக்கு இலவசமாக அனுப்புவது அவர்கள் பொறுப்பு. நீங்கள் கவனித்த பிள்ளைகளின் பெயர், வயது, அம்மா பெயர், என்ன பார்த்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, டாக்டர் சொன்னதையும் பக்கத்தில் எழுதி, வண்டி ஏறுவதற்கு முன் செவிலியர் கையில் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் உங்கள் போன் நம்பரையும் எழுதுங்கள், அவர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து நீங்களே கூப்பிட்டு, நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்று கேளுங்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் போகாதவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அந்தக் காசைச் சபையில் கேட்டு வாங்கி அனுப்புங்கள்.